உள்ளே எத்தனை பேர்

கண் தெரியாத ஒருவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: "உங்கள் கதவுக்கு உள்ளே உங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா?"

போன வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள், இந்தியில். குரலில் மரியாதை இருந்தது. அடுத்த கேள்விக்குப் போகிற அவசரமும் இருந்தது. "இல்லை" என்றேன். சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன். அவள் அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

நான் குவைத்துக்கு வந்து பதினெட்டு வருடம். அதில் பதினான்கு வருடம் கண்ணோடு இருந்தேன். ஃபஹாஹீல் பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலை, அதில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி, நான் ஃபோர்மேன். ஒரு பம்பைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருந்த காஸ்டிக் சோடாத் தண்ணீர் முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கி வைத்திருந்தேன், வியர்வை துடைக்க. அவ்வளவுதான் கதை. இப்போது வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வேன். ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே யாராவது போனால் ஒரு கறுப்பு நகர்வது தெரியும்.

கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பவில்லை. புதிதாக வரும் ஆட்களுக்கு சேஃப்டி கிளாஸ் எடுக்கச் சொன்னது. பெருந்தன்மை என்று பலர் சொன்னார்கள். கண்ணாடி போடாவிட்டால் என்ன ஆகும் என்று படம் காட்டுவதைவிட ஆளையே காட்டுவது சுலபம் என்பது எனக்குத் தெரியாதா. நான் உள்ளே நுழைந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் முன்வரிசையில் யாராவது மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு பாடம் நன்றாக ஏறும்.

கண் போனதற்கு மாதாமாதம் இன்சூரன்ஸில் ஒரு தொகை வரும். அதற்குமேல் உதவியாள் படி என்று ஒன்று உண்டு. கைப்பிடித்து அழைத்துப்போக, பேப்பர் படித்துச் சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொள்வதற்கு. ஆனால் அது தனியாக இருப்பவனுக்கு மட்டும்தான். வயது வந்த இன்னொருவர் அதே கதவுக்குள் இருந்தால் அவரே உன் உதவியாள், படி கிடையாது. வாடகை வீட்டைப் பலர் பங்கு போட்டிருந்தாலும் குற்றமில்லை. தனி அக்ரிமென்ட், தனி அடுப்பு, தனிப் பூட்டு இருந்தால் நீ தனி ஆள். இந்த விதியை எழுதியவர் ஃபஹாஹீலில் ஒரு மாதம் பேச்சிலராக இருந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே எது சுவர், எது கதவு என்பதை ஒட்டுப்பலகைத் தடுப்புதான் முடிவு செய்கிறது.

அந்தப் படி எனக்கு ஆடம்பரம் இல்லை. துணையாள் இல்லாமல் எனக்கு கேட் பாஸ் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர்களாகக் கொடுத்திருந்த நேபாளி ஆளை அடுத்த மாதத்தோடு வேறு சைட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். பாஸ் இல்லையென்றால் டியூட்டி இல்லை, டியூட்டி இல்லையென்றால் விசா இல்லை. மகள் கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் நர்ஸிங் படிக்கிறாள், அப்போது இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அந்த இரண்டு வருடத்துக்கு நான் இங்கே இருந்தாக வேண்டியிருந்தது.

நான் இருந்தது அண்ணாச்சியின் ஃபிளாட்டில். அண்ணாச்சி நாசரேத்துப் பக்கம், ஃபிளாட் அவர் பெயரில். குடும்பத்தோடு ஒரு பாதியில் இருந்துகொண்டு மறுபாதியை எனக்கு விட்டிருந்தார். ஒரு நீள அறை, மூலையில் அடுப்பு, ஒரு குளியலறை, அதன் மேல் சாமான் போடுகிற பரண். அவர் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. "அது பூட்டித்தான் இருக்கு தம்பி, சாவியே தொலைஞ்சு போச்சு" என்றார். அக்ரிமென்டும் தனியாகப் போட்டுக் கொடுத்தார். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

கண் போனவனின் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. நாற்காலி மேஜையிலிருந்து ஒரு சாண். செருப்பு கட்டிலின் வலது காலுக்கு அடியில். இடம் மாறினால் கால் இடிக்கும். ஆனால் அந்த வருட வெயில் காலத்தில் எனக்கு நேர்மாறாக நடந்தது. இடம் மாறியிருக்க வேண்டிய பொருள்கள் மாறாமல் இருந்தன.

ஒரு வியாழக்கிழமை அவசரத்தில் நாற்காலியை அறை நடுவே இழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வரும்போது கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடந்தேன். நாற்காலி மேஜையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

ஏசியை அணைத்துவிட்டுத்தான் காலையில் போவேன். மேல்மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல், நாலு மணிக்கு அறை அடுப்பாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் குளிர்ந்திருந்தது. ஏசி ஓடவில்லை. கையை உயர்த்தி அதன் வாயில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில்தான் அதிகம். நான் குளிக்காத காலையில் குளியலறைத் தரை ஈரமாக இருக்கும். சில நேரம் சுட்ட குபூஸ் ரொட்டியின் வாசனை வரும், நான் வாங்கியே இருக்க மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் தூங்கிப் போனேன். விழித்துப் பதறி ஓடினால் அடுப்பு அணைந்து, பால் இறக்கி வைத்திருந்தது. சிலிண்டர் வால்வும் மூடியிருந்தது. நான் ஒருநாளும் வால்வை மூடுவதில்லை. அன்று பாலைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "தனியா இருந்தா அப்படித்தாம் தம்பி தோணும். நீயே செஞ்சிட்டு மறந்துருப்ப" என்றார். மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் கட்டில் தலைமாட்டில் விபூதி வைத்துப் படுக்கச் சொன்னாள். "இந்த ஊருல பேய்க்கே விசா குடுக்க ஒரு கஃபீல் வேணும்டி, சும்மா வந்து தங்க முடியாது" என்று சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விபூதியும் வைத்துக்கொண்டேன்.

உண்மையில் பயமாக இருந்தது. என் மூளை கலங்குகிறதோ என்கிற பயம்தான் பெரிது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு நகர்ந்ததாக இரண்டு முறை தோன்றியது. கண் டாக்டர் அப்படியெல்லாம் தோன்றும் என்று சொல்லியிருந்தார். நான் அவரை நம்ப முடிவு செய்தேன்.

உதவியாள் படிக்கு எழுதிப் போட்டிருந்தேன், அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது, அந்தக் கேள்வியோடு. இல்லை என்றேன். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றாள்.

மறுநாள் வெள்ளி. ஜும்மா தொழுகை முடிந்து தெருவில் கார்கள் எல்லாம் போன பிறகு ஓர் அமைதி வரும். நான் கட்டிலில் உட்கார்ந்து மறுநாள் கிளாஸுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிற பாடம். எண்ணெய்த் தொட்டியின் ஓட்டை வழியாக ஆட்கள் உள்ளே போவார்கள். வெளியே ஒருவன் காவல் உட்காருவான், ஹோல் வாட்ச் என்போம். உள்ளே சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் வெளியே இருப்பவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரும்பில் ஒரு தட்டு தட்டுவான். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று முறை தட்டியும் பதில் இல்லையென்றால் காவல்காரன் உள்ளே போகவே கூடாது. அலாரம் கொடுக்க வேண்டும்.

"பாஹர் வாலா ஏக் பார்" என்று, வெளியே இருப்பவன் ஒருமுறை என்பதை இந்தியில் சொல்லிக்கொண்டே, கையிலிருந்த சாவியால் கட்டில் இரும்பில் ஒரு தட்டு தட்டினேன்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

என் வாயிலிருந்த அடுத்த வார்த்தை நின்றுவிட்டது. ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வாசல் பீரோவைத் தாண்டித்தான் இருந்தது. மறுபடி தட்டினேன். இந்த முறை பதில் வரவில்லை. ஆனால் இப்போது மூச்சு கேட்டது. அடக்கி அடக்கி, முடியாமல் வெளியே வருகிற மூச்சு.

"யாரு?" என்றேன். பதில் இல்லை. என்ன தோன்றியதோ, "எந்த ஊரு?" என்றேன்.

"அறந்தாங்கிப் பக்கம்ணே" என்றது ஒரு குரல்.

நான்கு மாதமாக அங்கே இருந்திருக்கிறான். பேக்கரியில் ராத்திரி வேலை. நான் டியூட்டிக்குப் போன பிறகு காலையில் வந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துத் தூங்கி, நான் வருமுன் எழுந்து போய்விடுவான். வெள்ளிக்கிழமை மட்டும் இருவரும் ஒரே அறையில் இருந்திருக்கிறோம், காலையிலிருந்து சாயங்காலம் வரை. நடுக்கதவின் சாவி தொலையவில்லை. அவன் விசா முடிந்து, கஃபீல் அவனை ஓடிப்போனவன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்து, இந்த நாட்டில் எந்தப் பேப்பரிலும் இல்லாத ஆள். அண்ணாச்சி குறைந்த வாடகைக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, இருமக்கூடக் கூடாது.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதேன்னு சொன்னாருண்ணே" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பேப்பர் தாங்காது. அண்ணாச்சி மேல் வந்தது. இவன் மேலும் வந்தது. நான்கு மாதம் நான் குளித்துத் துண்டில்லாமல் நடந்ததை, கண்ணாடி முன் நின்று தெரியாத முகத்தைத் தடவிப் பார்த்ததை, மகளிடம் பேசி முடித்துவிட்டு அழுததை எல்லாம் ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். உடம்பு கூசியது. கையில் கிடைத்த டம்ளரைக் குரல் வந்த பக்கம் எறிந்தேன். அது சுவரில் பட்டு உருண்டது. கொஞ்ச நேரத்தில் அவன் டம்ளரை எடுத்து அது இருந்த இடத்திலேயே வைக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு நாற்காலி நினைவு வந்தது.

"பாலை நீதான் எறக்கினியா?"

"ஆமாண்ணே. பொங்கித் தீ அணைஞ்சு போச்சு. கேஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒங்கள எழுப்பவும் முடியாது, சத்தம் போடவும் கூடாது."

"சரி, இப்ப எதுக்கு தட்டுன?"

"தெரியலண்ணே. கை தானா தட்டிருச்சு. நீங்கதான சொன்னீங்க, என்ன வேலையா இருந்தாலும் தட்டு கேட்டா பதில் தட்டணும்னு. ரெண்டு வருசம் முன்னாடி ஒங்க கிளாஸ்ல இருந்தேண்ணே. தொட்டி கழுவுற வேலை."

அவன் தொட்டிக்குள் இருந்து உயிரோடு வந்தது என் பாடத்தால் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "என்ன செய்ய தம்பி, கூட ஒரு ஆளப் போட்டாத்தாம் வாடகை கட்டுப்படியாவுது. ஒனக்கு என்ன தொந்தரவு குடுத்தான் சொல்லு" என்றார். தொந்தரவு என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

போலீஸுக்குச் சொன்னால் அவனை அன்றே பிடித்து அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸுக்குச் சொன்னால் என் படி போய்விடும். வேறு வழியில்லாமல் அவனிடமே விஷயத்தைச் சொன்னேன், மறுநாள் நாலு மணிக்கு, அவன் கிளம்பும் முன். கேட் பாஸ், விசா, மகள் எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை காலை மட்டும் பரணில் ஏறி அசையாமல் படுத்திரு என்றேன்.

"நான் இருந்தா ஒங்களுக்குக் கெடைக்காதாண்ணே?"

"கிடைக்காது. உள்ள இன்னொரு ஆளு இருந்தா அவன்தான் எனக்கு உதவியாள்னு எழுதிருவாங்க."

"அது சரிதானண்ணே" என்றான். எதைச் சரி என்றான் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நான்கு நாளும் அறை குளிர்ந்திருந்தது. மேஜையில் துணியில் சுற்றிய சூடான குபூஸ் இருந்தது. இப்போது அதில் பயம் இல்லை. ஆனால் நான் வாயைத் திறந்து இரு என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. அந்தப் படி எனக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். காலையில் குளியலறைப் பக்கம் ஏதோ உரசல் கேட்டது. பரணில் ஏறுகிறான் என்று நினைத்தேன். பேசவில்லை, அண்ணாச்சி வீட்டுக் குழந்தைகள் காதில் விழக்கூடாது.

பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். நடந்தால் ஷூ கிறீச்சிட்டது. நடுக்கதவை ஆட்டிப் பார்த்தார், பூட்டியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். குளியலறைக்குள் போய், "டூத் பிரஷ் ஏக்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் தலைக்கு மேலேதான் பரண். திரும்பி வந்து என் எதிரில் நின்று எழுதினார். தனியாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எழுதி முடித்தவர், பேனாவால் கட்டில் இரும்பில் ஒரு தட்டு தட்டினார். சும்மா, வேலை முடிந்த சந்தோஷத்தில் யாரும் செய்வதுதான்.

என்ன வேலையா இருந்தாலும் பதில் தட்டணும். அவன் கை தானாகத் தட்டும். தட்டாதே, தட்டாதே என்று எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று நினைவில்லை. அந்த ஆள் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பரணிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"கலாஸ்" என்றார், முடிந்தது என்று. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

லிஃப்ட் இறங்கும் வரை காத்திருந்தேன். சிரிப்பு வந்தது. சாவியை எடுத்து நானே ஒரு தட்டு தட்டினேன், எறங்கி வா, ஆள் போயாச்சு என்பது போல.

பதில் இல்லை. பயந்துபோய்க் கிடக்கிறான் என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். மூன்றாவது முறையும் தட்டினேன்.

மூன்று தட்டுக்குப் பதில் இல்லையென்றால் அலாரம் கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். யாருக்குக் கொடுப்பது? எந்தப் பேப்பரிலும் இல்லாதவனைக் காணோம் என்று எங்கே போய்ச் சொல்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணைத் தடவிப் பார்த்தேன். பாய் இல்லை. பை இல்லை. கையில் தூசிகூட ஒட்டவில்லை, துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. "காலைல சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாம். தேடாதீங்கன்னாம். பேக்கரிக்கும் போவலையாம், போனும் சுவிட்ச் ஆஃப்" என்றார். நான் போனில் சொன்னது, தெரியாமல் சொன்னாலும், பொய்தான். அவன் அதை உண்மையாக்கிவிட்டுப் போய்விட்டான்.

படி கிடைத்தது. ஒரு தெலுங்கு ஆளை வைத்திருக்கிறேன், நல்லவர், விடியும் முன் வந்து, மாலையில் என்னை வாசலில் விட்டுவிட்டுப் போவார். மகளுக்கு இன்னும் ஒரு வருடம்தான். நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் அறை கொதிக்கிறது. நாற்காலி எங்கே விட்டேனோ அங்கேயே நின்று, வாரத்துக்கு ஒருமுறையாவது முழங்காலைப் பதம் பார்க்கிறது.

போன வாரம் அதே பெண் போன் செய்தாள். வருடாவருடம் கேட்க வேண்டுமாம். கதவுக்கு உள்ளே என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று அதே மரியாதையோடு கேட்டாள்.

ஒரு நிமிஷம் என்றேன். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாவியை எடுத்து இரும்பில் ஒரு தட்டு தட்டினேன். பீரோ பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். மறுபடி தட்டினேன், காத்திருந்தேன். மூன்றாவது தட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் போனை வைக்காமல் இருந்தாள்.

போனை எடுத்து, "யாரும் இல்லை" என்றேன்.